ஐந்தாவது புள்ளி

“அந்தப் புள்ளியை அழிச்சிடு, ரன்வெய். அது வெறும் பிழை” என்றான் பிரிவுப் பொறுப்பாளன் ஹால்வார். “அறிக்கை போனாத்தான் தேடுறதை நிறுத்துவாங்க.”

“அழிக்க மாட்டேன்.”

வடதுருவத்தை ஒட்டிய ட்ரோம்சோ ஊரின் ஜூன் வெயில் ஜன்னலை விட்டு நகர மறுத்தது. திரையில் இருந்த தென்துருவத்திலோ ஒரே இருட்டு, புயல். ராடாருக்கு அது பொருட்டில்லை. செயற்கைக்கோளிலிருந்து அது அனுப்பும் அலை, மேகத்தையும் இருட்டையும் துளைத்துப் போய்த் திரும்பும்.

கடல்மேல் மிதக்கும் அந்தப் பனித்தட்டில் ஐந்து தகர மூலைகளை வைத்திருந்தார்கள். மூன்று தகடுகளைப் பெட்டியின் மூலைபோலச் சேர்த்தால், வந்த அலையை வந்த வழியே திருப்பிவிடும். படத்தில் புள்ளியாக மின்னும். பனி கடலை நோக்கி நகர, புள்ளியும் கூடவே நகரும். அதை அளப்பதுதான் ரன்வெயின் வேலை.

ஐந்தாவது மூலையைச் சரிபார்க்கப் போன எய்வினும் தூரேவும் புயலில் சிக்கி ஒரு வாரம். வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை.

“அஞ்சாவது புள்ளி அதோட இடத்துல இல்லை. பனி உடைஞ்சு கடல்ல விழுந்திருக்கு, அவங்களோட சேர்த்து. தேடப் போனவங்களையும் சாகடிக்கணுமா?” ஹால்வார் திரையைத் தட்டிக் காட்டினான்.

“அப்ப கரைப்பக்கம் மேட்டுல ஒண்ணு மின்னுதே?”

“அதான் பிழைங்கறேன். செயற்கைக்கோள் கணக்கு பிசகினா புள்ளி தள்ளி விழும்.”

“பிசகினா அஞ்சும்ல தள்ளி விழணும்? மத்த நாலும் ஒழுங்கா கடல் பக்கம்தானே போகுது?”

“பின்ன என்ன, உன் தகரத்துக்குக் கால் முளைச்சு மேடேறிடுச்சா?”

அப்போதுதான் புதுப் படம் இறங்கியது. ரன்வெய் அதைப் பழைய படத்தின்மேல் பொருத்தினாள். நாலு புள்ளிகளும் கடலை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தன. அந்த ஒற்றைப் புள்ளி மட்டும் இன்னும் மேட்டில் ஏறியிருந்தது.

தேடும் குழுவுக்குப் போன் போட்டாள். ஹால்வார் தடுத்த கையைத் தட்டிவிட்டாள்.

“தேடுற வண்டியைத் திருப்பாதீங்க. இடம் சொல்றேன், குறிச்சுக்குங்க.”

“பைத்தியமா உனக்கு? எதை நம்பி அனுப்பச் சொல்றே?”

“தகரத்துக்குக் கால் இல்லை, ஹால்வார். இழுத்துட்டுப் போறவங்களுக்கு இருக்கு!”