ப்ளூ டிஸ்க் மாப்பிள்ளை

“துபாய்ல ப்ளூ டிஸ்க் விக்கிறீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி,” என்றார் ஹாஜா மைதீன்.

“விக்கிறேன் மாமா,” என்றான் ஹம்தான்.

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி ஜன்னத் பீவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போன மாதம் வரை ‘மாப்ளே’ என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர் ‘தம்பி’க்கு இறங்கிவிட்டதிலேயே ஹம்தானுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதியையும் அவர் மறைக்கவில்லை.

“நீலப் படம் விக்கிறவருக்கு எம் பொண்ணைக் குடுக்க முடியாது. நிச்சயத்தை முறிச்சுக்கிறோம்னு நாளைக்கு ஜமாத்துல சொல்லப்போறேன்.”

கல்யாணத்தில் ஏதோ சிக்கல் என்று போனில் சேதி வந்த அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவன் ஹம்தான். திருச்சியில் இறங்கி, முத்துப்பேட்டைக்குப் பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேரே இங்கே வந்திருக்கிறான். இரண்டு இரவாகத் தூக்கமில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு போல மனசு மரத்துக் கிடந்தது.

“மாமா, நீங்க நினைக்கிற ப்ளூ இல்ல இது. ப்ளூ ரே. உள்ள இருக்கிற லேசர் நீலமா இருக்கும், அதனால வச்ச பேரு. டிவிடி மாதிரிதான், படம் இன்னும் தெளிவா தெரியும்.”

அது 2008 மார்ச். முத்துப்பேட்டையில் டிவிடியே இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை.

“இதே மாதிரி எச்.டி. டிவிடின்னு இன்னொன்னு இருந்துச்சு மாமா. அதுல இது ஓடாது, இதுல அது ஓடாது. ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் போட்டி. போன மாசந்தான் அவங்க கடையைக் கட்டினாங்க. நான் ஆரம்பத்துலேர்ந்து ப்ளூ ரே பக்கம் நின்னேன். அதனாலதான் என்னை சூப்பர்வைசர் ஆக்கினாங்க, ஃபேமிலி விசாவும் வந்துச்சு.”

இந்தப் பாடம் அவனுக்குத் தலைகீழ் மனப்பாடம். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நிச்சயமான பெண் ஆஷிகாவுக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் இதையேதான் ஒப்பிப்பான். எந்த சினிமாக் கம்பெனி எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்த டிஸ்க்கில் எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்வான். அவளும் “ம்”, “ம்” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவை “முடிஞ்சிருச்சா?” என்றாள். போட்டியைப் பற்றிக் கேட்கிறாள் என்று பூரித்துப்போய் இன்னும் அரை மணி நேரம் விளக்கினான்.

“யாரு மாமா உங்ககிட்ட இப்படிச் சொன்னது?”

“அது வேணாம். சொன்னவங்க பொய் சொல்ற ஆளு இல்ல.”

சமீராகத்தான் இருக்கும் என்று ஹம்தான் முடிவு கட்டினான். அதே தெருக்காரன். துபாயில் அதே கடையில் எச்.டி. டிவிடி அலமாரியில் விற்பனைக்கு நின்று தோற்றவன். வயிற்றெரிச்சலில் பற்ற வைத்துவிட்டான். இதை நினைத்தும் கோபம் வராதது ஹம்தானுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் பெட்டியைத் திறந்தான். கல்யாணத்துக்குப் பிறகு புது வீட்டில் வைக்கலாமென்று வாங்கிய ப்ளூ ரே பிளேயர் அதில் இருந்தது. கரண்ட் போக இன்னும் கால் மணி நேரம்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைப் பழைய டிவியின் முதுகில் சொருகி, ஒரு டிஸ்க்கைப் போட்டான். ஜன்னத் பீவி அவசரமாக உள்ளே போய்விட்டார்.

திரையில் தண்ணீர் தெரிந்தது. அடுத்து மீன்கள் வந்தன. கடலுக்கடியில் போய் எடுத்த படம்.

ஹாஜா மைதீனுக்கு முப்பது வருஷமாக மீன் வியாபாரம். நாற்காலியைச் சத்தமில்லாமல் டிவி பக்கம் நகர்த்தினார். “கொடுவா,” என்றார். “எட்டு கிலோ நிக்கும்.”

“ஆமா மாமா.”

“கண்ணு மின்னுது பாருங்க. மார்க்கெட்ல இப்படி ஒண்ணு கிடைக்காது.” திரும்பி உள்பக்கம் பார்த்து, “ஜன்னத்து, பயப்படாம வா. மீன் படந்தான்,” என்றார்.

ஜன்னத் பீவி எட்டிப் பார்த்தார். பிறகு சுவரோரம் உட்கார்ந்தே பார்த்தார்.

“அவசரப்பட்டுட்டேன் மாப்ளே. மனசுல வச்சுக்காதீங்க,” என்றார் ஹாஜா மைதீன். “தேதியில மாத்தமில்ல. ஜமாத்துல நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.”

‘மாப்ளே’ திரும்பி வந்துவிட்டது. குதிக்க வேண்டிய நேரம். ஹம்தானுக்கோ யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசுவது போலிருந்தது. வெறுமனே தலையாட்டினான்.

“ஆஷிகா, கேட்டியாம்மா? இது அந்தக் கருமம் இல்ல. வெறும் டிஸ்க்கோட பேராம்,” என்று ஹாஜா மைதீன் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

திரைச்சீலை அசைந்தது. ஆஷிகா வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

“தெரியும் அத்தா. தெரிஞ்சுதான் ‘ரே’யை விட்டுட்டு உங்ககிட்ட ‘ப்ளூ’ன்னு மட்டும் சொன்னேன்.”