மிளகாய்க் கன்றின் சுகம்

காலையிலிருந்து மூன்றாவது தடவையாகத் தொலைபேசி அலறியது. அருளம்பலம் எரிச்சலோடு எடுத்தார். டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் மனைவி பவளம்தான்.

“இஞ்சாருங்கோ, மிளகாய்க் கண்டு வாடிட்டுதோ?”

“இல்லை.”

“இந்தப் புழுக்கத்தை அது தாங்காது. வெயில் படாமல் உள்ளுக்கு எடுத்து வையுங்கோ. கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விடுங்கோ. ஃபானை அதின்ரை பக்கம் திருப்பிப்போட்டு நீங்களும் கிட்டவே இருங்கோ.”

“ஒரு கண்டுக்குக் காவல் இருக்கவோ நான் கனடாவுக்கு வந்தனான்?”

ரிசீவரை அடித்து வைத்தார். பார்க் எக்ஸ்டென்ஷன் குடியிருப்பின் அந்த மூன்றாம் மாடி வீடு அடுப்பாய்க் கொதித்தது. உள்ளே இருப்புக்கொள்ளாமல் இறங்கிப் போனவர், பூங்கா மர நிழலில் இருந்துவிட்டு வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்பினார்.

வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க நின்றாள் பவளம்.

“எத்தினை தரம் அடிச்சனான்! ஏன் எடுக்கேல்லை?”

“அங்கை பார், உன்ரை கண்டு வாடித்தான் போச்சு. இப்ப திருப்தியோ?”

அவள் யன்னல் பக்கம் திரும்பவேயில்லை. சட்டைக்கு மேலாக, அவர் நெஞ்சில் இன்னும் ஆறாத சத்திரசிகிச்சைக் காயத்தின்மேல் கையை வைத்தாள்.

“ஆஸ்பத்திரியிலை வருத்தக்காரனை விசாரிக்கிற மாதிரி என்னை விசாரிக்காதை” என்று போன கிழமை அவளிடம் கத்தியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மத்தியானம், தொலைபேசியை முதல் மணியிலேயே எடுத்தார்.

“கண்டு சுகமா இருக்குது, பவளம். மத்தியான மருந்துக் குளிசையும் போட்டிட்டுது.”