ஜன்னல் பார்த்த தோணி

இருதயராஜ் ஆசையாக வாங்கிச் சேர்த்த பழைய கேமராக்களில் ஒன்றில், கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மறுநாள் உடைக்கப்போகிற ஒரு மரத்தோணியைப் படம் பிடிக்க, அதில் பிலிம் போட்டுத் துறைமுகத்துக்கு எடுத்துப்போனார்.

கரையில் ஜன்னலுக்கு வாய் ஓயவில்லை. "ஆகா, என்ன அழகு! பாய்மரத்து உச்சியில ஒரு காக்கா வேற!"

"எனக்கு ஒரே இருட்டா இருக்கே அண்ணே" என்றது லென்ஸ்.

"நான்தான் பார்க்கிறேனே, உனக்கென்ன?"

லென்ஸ் மேல் மாட்டியிருந்த மூடி, "என்னை இன்னும் கழற்றவே..." என்று ஆரம்பித்தது.

"சும்மா கிட. நல்ல நேரத்துல தொணதொணக்காதே."

ரோல் முடிந்தது. கழுவிப் பார்த்தால் பிலிமில் ஒரு படம்கூட விழவில்லை. இருதயராஜ் தலையில் அடித்துக்கொண்டார், சிரிப்பும் வந்தது. அடுத்த வாரம் வேறு ரோல் போட்டு, முதல் வேலையாக மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது படம் எடுக்கலாம் என்று அதே கரைக்குப் போனார்.

வெளிச்சம் பட்டதும் லென்ஸ் ஆவலாகத் தேடியது. கரையில் பலகைகள்தான் குவிந்து கிடந்தன.

"தோணி எங்கே அண்ணே?"

"அதான் போன வாரமே பார்த்தாச்சே" என்றது ஜன்னல்.