விரல் வைக்கும் முன்

ரேஷன் கார்டில் பெயர் உள்ள எல்லோரும் மாதக் கடைசிக்குள் கைரேகை பதிய வேண்டும், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்ற செய்தி மாரமங்கலத்துக்கு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பைக்கில் ஒருவன் வந்துவிட்டான், கையில் சின்ன மெஷினோடு.

"வழங்கல் ஆபீஸ்ல இருந்து வர்றேனுங்க. பேரு வெங்கடேஷ். கார்டு, ஆதார், கட்டைவிரல். ரெண்டு நிமிஷ வேலைதானுங்க."

வீராயி விரலைச் சேலையில் துடைத்து நீட்டியே விட்டாள். அந்தக் கையைப் பிடித்து இழுத்தவள் சிவசக்தி.

சிவசக்தி மகளிர் குழுத் தலைவி. போன வாரம் ஏற்காட்டில் நடந்த மோசடித் தடுப்புக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, நோட்டு நிறைய எழுதி வந்திருந்தாள். வீடு தேடி வந்து விரல் கேட்பவனை நம்பாதே என்பதன் கீழே இரண்டு கோடு வேறு. அதைப் பயன்படுத்த இவ்வளவு சீக்கிரம் ஓர் ஆள் கிடைப்பான் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ரேகை ரேஷன் கடையிலதானுங்க வெக்கோணும். நீங்க ஏனுங்க ஊடு ஊடா வர்றீங்க?"

"வயசானவங்க அலையக் கூடாதுன்னுதானுங்க..."

அடையாள அட்டையை நீட்டினான். படத்தில் இருந்தது அவன் முகம்தான். ஆனால் அந்தக் குளிரிலும் அவன் நெற்றியில் வியர்வை.

"ஐயாக்கண்ணு அண்ணா, வண்டிச் சாவியப் புடுங்குங்க!"

காபி மூட்டை போடும் அறையில் அவனைத் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். "நான் கவர்மென்ட் ஆளுங்க! எல்லாரும் மாட்டிக்குவீங்க!" என்று உள்ளிருந்து அழாத குறையாகக் கத்தினான்.

"நொம்பப் பாவமா இருக்குது கண்ணு. நெசமாவே ஆபீஸ்காரரா இருந்தா?" என்றாள் வீராயி.

சிவசக்திக்கும் அதே சந்தேகம்தான். அரசு ஊழியரை அடைத்து வைத்தால் சும்மா விடுவார்களா? ஊரே ரேஷன் அரிசிக்குத் தாளம் போட வேண்டியதுதான். சிக்னல் கிடைக்கும் வளைவு வரை மூச்சிரைக்க ஓடி, போலீஸுக்குப் போன் செய்தாள். உடனே வருவதாகச் சொன்னார்கள்.

அவள் திரும்பி வந்து தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. காக்கி உடையில் இரண்டு பேர். மீசைக்காரர் கதவைத் திறக்கச் சொல்லி, வெங்கடேஷின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"இவனத்தான் ஆறு மாசமா தேடறோம். புடிச்சது யாரும்மா?"

"நாந்தானுங்க."

"சபாஷ்!"

சிவசக்திக்குப் போன உயிர் திரும்பியது. அவன் திருடனேதான்.

"இவன் ஏற்கெனவே உங்க ரேகையத் திருடி வெச்சிருக்கலாம். ஒவ்வொருத்தரா இந்த மெஷின்ல விரல் வெச்சாத்தான் தெரியும். கார்டும் ஆதாரும் கேஸுக்கு வேணும், திங்கக்கிழமை ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கங்க" என்றார் மீசைக்காரர்.

ஊரே வரிசையில் நின்றது. இடித்துக்கொண்டு முன்னால் வந்தவர்களை அதட்டி ஒழுங்குபடுத்தியவள் சிவசக்தி. முதல் விரலும் அவளுடையதுதான். எழுபத்திரண்டு கார்டுகளையும் பத்திரமாக மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். ஐயாக்கண்ணு தன் பங்குக்கு ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார்.

வெங்கடேஷை விலங்கோடு காரில் ஏற்றினார்கள். அவன் பைக்கை இன்னொரு போலீஸ்காரர் ஓட்டிப் போனார். ஊர் கைதட்டியது.

"நீ இல்லீன்னா நம்ம சோத்துல மண்ணுதான் சாமி" என்று வீராயி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கும் கணவனுக்கு இந்தப் பெருமையைச் சொல்லாமல் எப்படி இருப்பது? சிவசக்தி மறுபடி வளைவுக்கு நடந்தாள். சிக்னல் வந்ததும் போன் தானாகவே அடித்தது.

"ஸ்டேஷன்ல இருந்து பேசறோம்மா. ஜீப் இப்பத்தான் கிளம்புது, நாங்க வர்ற வரைக்கும் அந்த ஆள எங்கயும் விட்றாதீங்க."