மேல் நிலையத்திலிருந்து

"ஆளே இல்லாத இடத்துல இருந்து ஆறு வருஷமா தினமும் அளவு வந்ததா எழுதியிருக்கீங்க. இதுக்கு என்ன பேரு?"

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி பதிவேட்டை மேஜைமேல் தள்ளினார். ஆற்றங்கரை நீர்ச் சோதனை நிலையத்தின் பொறுப்பாளர் எழுந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"பொய்யா எழுதல மேடம்."

"அப்போ பக்கத்து நாட்டோட ரகசியமா பேசுறீங்க. அதுக்கு வேலை மட்டும் போகாது, தெரியுமில்ல?"

பொறுப்பாளர் ஜன்னலைத் திறந்து தொலைநோக்கியை நீட்டினார்.

ஆறு பக்கத்து நாட்டிலிருந்துதான் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆறு வளையும் இடத்தில், இதே மாதிரி இன்னொரு நிலையம். இரண்டு நாடும் சேர்ந்து கட்டியவை. மேலே தண்ணீர் கெட்டால் உடனே கீழே சொல்ல வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

ஆறு வருஷத்துக்கு முன் அங்கே சுரங்கக் கழிவுக் குளத்தின் ஷட்டரைத் திறந்தார்கள். கீழே யாருக்கும் சொல்லவில்லை. இங்கே ஊரில் பதினேழு பேர் செத்தார்கள். ஒப்பந்தம் முறிந்தது. மண்ணும் விஷமாகிவிட்டதென்று அந்தப் பக்கத்து ஊரையே காலி செய்தார்கள்.

அதிகாரி தொலைநோக்கியில் பார்த்தார். மூடுபனி இன்னும் விலகவில்லை. அந்த நிலையத்தின் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு மரம் நின்றது. கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. பின்னால் வரிசை வரிசையாக வீடுகள், ஒன்றில்கூட ஜன்னல் கண்ணாடி இல்லை. ஒரு காக்கைகூட இல்லை.

"அங்க இருந்தா உங்களுக்கு போன் வருது?"

"ஆமா மேடம். தினம் பதினோரு மணிக்கு."

"லைனைத் துண்டிச்சு ஆறு வருஷமாச்சு."

"காகிதத்துலதான் துண்டிச்சாங்க. கேபிள் ஆத்துக்கு அடியில அப்படியே கிடக்கு. கைப்பிடியைச் சுத்தினா மணி அடிக்கிற பழைய போன். கரண்டுகூட வேண்டாம்."

"சுத்துறது யாரு?"

"தெரியாது."

"ஆறு வருஷமா கேட்கவே இல்லையா?"

"அவங்க பாஷை எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் நம்ம பாஷையில எண்களும் ரெண்டு மூணு வார்த்தையும்தான் தெரியும்போல. அப்புறம்..." தயங்கினார். "கேட்டா நின்னுடுமோன்னு பயம்."

மணி அடித்தது.

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தும் அவரே முந்திக்கொண்டு எடுத்தார்.

முதலில் மூச்சுச் சத்தம். எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"நாலு... புள்ளி... ஒண்ணு."

அதிகாரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மூடு. மூடு. மூடு."

சட்டென்று அறுந்துபோனது.

"மூடுன்னு..." அவர் சொல்லி முடிப்பதற்குள் பொறுப்பாளர் இன்னொரு போனைப் பாய்ந்து எடுத்தார்.

"பம்பை நிறுத்துங்க! ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது!"

"என்ன பண்றீங்க? ஊருக்கே தண்ணியை நிறுத்துறீங்க! அதுவும் ஏதோ பேய் சொல்லுதுன்னு!"

"அது தண்ணியோட pH மேடம். ஏழுன்னா நல்ல தண்ணி. அஞ்சுக்குக் கீழே இறங்கினா விஷம். நம்ம கருவி காட்டுற நேரத்துக்கு அது பம்புக்குள்ள போயிருக்கும்."

இருவரும் கரைப் படியில் போய் நின்றார்கள். முக்கால் மணி நேரம் ஆறு அதுபாட்டுக்கு ஓடியது. இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று அதிகாரி யோசித்துக்கொண்டிருந்தார்.

வயிறு மேலே தெரிய ஒரு மீன் வந்தது. பின்னால் பத்து. அப்புறம் ஆற்றின் அகலம் முழுக்க. சத்தமே இல்லாமல் ஊர்வலம் போல நகர்ந்தன.

"பலத்த மழை பெஞ்சா அந்தக் குளம் உடைச்சுக்கும்," என்றார் பொறுப்பாளர். "இது ஒன்பதாவது தடவை. ஒன்பது தடவையும் சொல்லிடுச்சு."

"மேலிடத்துக்கு ஏன் எழுதல?"

"எழுதினா லைனை நிஜமாவே துண்டிச்சிடுவாங்களே."

அதிகாரி மீன்களிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினார்.

"செத்துப்போன பதினேழு பேர்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது..."

"என் வீட்டுக்காரி."

அன்று அதிகாரி ஊர் திரும்பவில்லை. அறிக்கையும் எழுதவில்லை. மறுநாள் பத்தரைக்கே வந்து போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்னாடி ஒப்பந்தக் கூட்டத்துல எல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவங்க பாஷை எனக்குத் தெரியும். கேட்டுடுறேன்."

"வேணாம் மேடம்..."

மணி அடித்தது.

"ஏழு... புள்ளி... ஒண்ணு. திற."

"நீங்க யாரு?" அதிகாரி அந்தப் பாஷையில் கேட்டார்.

தண்ணீர் சொட்டியது. மூச்சு நின்று, பிறகு வந்தது. குரல் பேச ஆரம்பித்தது. இந்தத் தடவை திக்காமல், விடாமல், ஆறு வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்ப்பதுபோல. அதிகாரியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"என்ன மேடம்? மனுஷங்கதானே?"

அதிகாரி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று பொறுப்பாளர் முகத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"'ஷட்டரைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. திறந்தது நான்தான். இந்த போன் பக்கத்துலதான் இருந்துச்சு, நான் எடுத்துச் சொல்லல. ஊரே கிளம்பினப்போ என்னால கிளம்ப முடியல'ன்னு சொல்றாங்க."

பொறுப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன. அந்தப் பக்கம் மரம் பிளந்து நின்ற கூரையைப் பார்த்தார்.

"லைன்ல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அங்க தனியா சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்கன்னு கேளுங்க மேடம்."