லிங்க்கின் வால்

“ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பக்கம் எழுதணுமா?” என்று கேட்டார் மேலாளர்.

“எதுக்கு சார்? ஒரே டெம்ப்ளேட். லிங்க்கோட வால்ல அவங்கவங்க பேரை ஒட்டிவிட்டாப் போதும். திறந்ததும் பக்கம் பேர் சொல்லிக் கூப்பிடும்” என்றான் புலி. ஆபீஸில் கிண்டலுக்கு வைத்த அந்தப் பெயரை அவன் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

“சரிபார்த்தாச்சா?”

“என் பேரைப் போட்டே பார்த்துட்டேன் சார். சோதனைன்னா வால்ல கூடவே ‘டெஸ்ட்’னு இருக்கும். நிஜமா அனுப்புறதுல அது இருக்காது.”

“வாசகம் கொஞ்சம் இதமா இருக்கட்டும்.”

“தேனா எழுதியிருக்கேன் சார்.”

மறுநாள் காலையில் லிங்க்குகள் பறந்தன. ஹாலில் அங்கங்கே சிலர் போனைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தார்.

“பேரெல்லாம் சரியா வருதாக்கா?” என்று பக்கத்து சீட்டில் கேட்டான் புலி.

“ஒரு எழுத்துகூடத் தப்பில்ல தம்பி” என்ற அக்கா, தன் காப்பிக் கோப்பையைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

அவன் போன் சிணுங்கியது. திறந்து பார்த்துச் சிரித்தான்.

“என் டெஸ்ட் லிங்க் இன்னும் சுத்திட்டிருக்கு, பாருங்க. வால்ல ‘டெஸ்ட்’னு இருக்கும்.”

அக்கா எட்டிப் பார்த்தாள்.

“வால்ல ‘டெஸ்ட்’டைக் காணோமே.”

புலி மறுபடி பார்த்தான். அவன் எழுதிய தேன், அவனையே பெயர் சொல்லிக் கூப்பிட்டது: ‘உங்கள் உழைப்பை என்றும் மறவோம். இன்று உங்கள் கடைசி வேலை நாள்.’

“எங்கிட்ட இன்னொரு பை இருக்கு. வேணுமா தம்பி?” என்றாள் அக்கா.