கம்பெனி ஓட்டை

"அண்ணே, வலது குழியில தண்ணி இன்னும் அப்படியேதான் நிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

காருக்கு அடியில் படுத்திருந்த 'அவருக்கு' காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் டிங்கர் குனிந்து, "சார், தண்ணி நிக்குதாம்" என்றார்.

"நிக்கட்டும். இந்த மாடல்ல ஓட்டை ஒரு பக்கம்தான்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

டிங்கர் நிமிர்ந்தார். வாளியோடு நின்ற மனைவி, "கேட்டுச்சு" என்றாள்.

காலையிலிருந்து இதே கதைதான். தகரம் தட்ட வந்த மனுஷனைத் தூது போக வைத்துவிட்டார்கள்.

கணவனும் மனைவியும் பிரியப் போகிறார்கள். அவள் அக்கா வீட்டுக்குப் போயாகிவிட்டது. இரண்டு பேர் பெயரிலும் இருப்பது இந்தப் பழைய கார் ஒன்றுதான். கூரையை மடித்துவிட்டு, காற்றில் தலைமுடி பறக்கப் போகிற ரகம். கல்யாணமான புதிதில், வெறும் துருப்பிடித்த கூடாக இருந்தபோதே ஆசைப்பட்டு வாங்கியது. அதைச் சரிசெய்து விற்றுவிட வேண்டியது, விற்ற கையோடு விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியது என்று பேச்சு. அதற்காக ஞாயிறுதோறும் அவள் வந்து மேலே உட்கார்ந்து சீட்டுக்கு உறை தைத்தாள். அவன் கீழே படுத்து அடித்தகட்டைச் சரிசெய்தான்.

எல்லாம் முடிந்து, பாக்கி இந்தத் தண்ணீர்தான். மழை பெய்தால் மடித்த கூரைக்குப் பின்னால் இரண்டு மூலைக் குழிகளிலும் தண்ணீர் சேரும். இடது குழியில் ஊற்றினால் குழாய் வழியாகக் கீழே கடகடவென்று ஓடிவிடுகிறது. வலது குழியோ குளம் கட்டி நிற்கிறது. காரை வாங்க இருந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் டிங்கரையே அனுப்பிவிட்டார்.

"ட்ரில்லைப் போட்டா ஒரு நிமிஷ வேலை" என்று டிங்கர் தலையைச் சொறிந்தார். "ஆனா எங்க முதலாளி கம்பெனி ஓட்டைதான் வேணும்ங்கறார். கம்பெனி ஓட்டைன்னா விளிம்பு வழவழன்னு கீழ்ப்பக்கமா மடங்கியிருக்கும். நாம போடுற ஓட்டை விரலைக் கிழிச்சிடும். அவர் தடவிப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார்."

"வலது பக்கம் கம்பெனியே வைக்கலையே!"

கீழேயிருந்து ஒரு குரல், மேலேயிருந்து ஒரு குரல். இரண்டும் ஒரே நேரத்தில்.

டிங்கருக்கு மூளையில் பொறி தட்டியது. கிழக்கு எது என்று கேட்டால்கூட ஆளுக்கொரு திசையைக் காட்டுகிற ஜோடி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன இவ்வளவு ஒற்றுமை?

"மனுஷனுக்கு ஒரு காதுல மட்டுமா சார் ஓட்டை இருக்கும்? கொஞ்சம் தள்ளிப் படுங்க."

மேலே குழியின் வாய் கூரைக் கீலுக்கு அடியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதனால் அவர் கீழே நுழைந்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். டங். டங். டங். டொக்.

நிறுத்தினார். அந்த இடத்தைச் சுரண்டினார். கறுப்புப் பெயிண்டுக்கு உள்ளே ரப்பர் தெரிந்தது.

"இந்தா இருக்கு கம்பெனி ஓட்டை! யாரோ ரப்பர் மூடி வச்சு அடைச்சு, மேல பெயிண்ட் பூசியிருக்காங்க. பெயிண்ட் வாசனைகூடப் போகல சார்."

வாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"யார் பார்த்த வேலைன்னு அவர்கிட்ட கேளுங்கண்ணே."

கணவன் அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். டிங்கர் பக்கமே பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்தான்.

"நான்தான். வண்டி முடிஞ்சா ஞாயித்துக்கிழமையும் முடிஞ்சுபோயிடும். அப்புறம் நீ எதுக்கு இங்க வரப்போற?"

வாய்ச்சொல்லில் யாருக்கும் சளைக்காதவளுக்கே கண் கலங்கிவிட்டது.

டிங்கருக்கு வந்த வேலை வந்த வேலைதானே. "நீரடிச்சு நீர் விலகாதும்பாங்க. அதை நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. நான் தண்ணியை விட்டுட்டுக் கிளம்பறேன்" என்று படுத்தபடியே ரப்பர் மூடியை நெம்பினார். கொட்டப்போகிற தண்ணீருக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூடி கழன்று விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

"இதென்னடா கூத்து!"

ஸ்க்ரூ டிரைவரைக் குழாய்க்குள் மேலே செலுத்தினார். மறுமுனையில் மெத்தென்று என்னவோ தட்டுப்பட்டது. குத்தி இழுத்தார். அவ்வளவுதான், குழியிலிருந்த மொத்தத் தண்ணீரும் அவர் முகத்தில் கொட்டியது.

இருமிக்கொண்டே வெளியே வந்தவர் கையை விரித்துப் பார்த்தார். நூலுக்குத் தடவும் மெழுகில் தோய்த்து உருட்டிய சிவப்புத் துணி. காருக்குள் பார்த்தார். புது சீட் உறையும் அதே சிவப்பு.

"அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கீழே அடைச்சிருக்கீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நான் மேலே என் மெழுகை வீணாக்கியிருப்பேனா?"